அறுபதடி ஆழத்தில் ஒரு மீசைப் பந்தயம்

ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுப்பவர் என்றால் நாள் முழுக்க மீன்களோடு நீந்துகிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் வேலையில் பாதி, காலையில் தின்ற பொங்கலைப் படகின் ஓரத்தில் நின்று கடலுக்குக் காணிக்கையாக்கும் கஸ்டமர்களின் முதுகைத் தடவிக்கொடுப்பது. மீதிப் பாதி, "எல்லாருக்கும் முதல் தடவை இப்படித்தான்" என்று அவர்களிடம் முகம் கோணாமல் பொய் சொல்வது. வகுப்பறையிலோ வங்கிக் கவுண்டரிலோ புடவைக் கடையிலோ பொதுமக்களோடு மாரடிக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் சாந்தோம்காரி. அப்பா, அம்மா, இரண்டு சித்திகள் எல்லாரும் ஆசிரியர்கள். நானும் பதினோரு வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக விசில் ஊதினேன். ஒரு கோடை விடுமுறையில் விளையாட்டாக டைவிங் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டு, அடையாறில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டைவிங் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். ஞாயிறு பூசைக்கு வராமல் கடலுக்குப் போகிறேன் என்று சர்ச் பங்கில் இன்னும் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு.

எங்கள் பிழைப்பு ஒரு செத்த கப்பலை நம்பியிருக்கிறது. தீவுகளுக்கு நடுவே ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய பயணிகள் கப்பல். ஓட முடியாமல் போனதும் எஞ்சினைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, கண்ணாடி, கதவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாசியும் பவளமும் பிடித்து மீன் சேரட்டும் என்று அறுபதடி ஆழத்தில் மூழ்கடித்தார்கள். பயணிகள் உட்காரும் இரும்பு பெஞ்சுகள் மட்டும் உள்ளே வரிசையாக அப்படியே இருக்கின்றன. எங்களை அங்கே கூட்டிப்போகும் படகுக்காரர் தேசிங்கு. பெசன்ட் நகருக்குத் தெற்கே உள்ள குப்பங்களில் ஒன்று அவருடையது. எது என்று சொல்ல மாட்டேன், பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஏன் என்பது படித்து முடித்தால் உங்களுக்கே புரியும்.

கப்பலை இறக்குவதற்கு முன்னால் குப்பத்தில் கூட்டம் போட்டுக் கேட்டார்களாம். வலை மாட்டும், வேண்டவே வேண்டாம் என்று பாதிப் பேர் கத்தியிருக்கிறார்கள். தேசிங்கு எழுந்து நின்று, கப்பல் இறங்கினால் மீன் வரும், மூன்றாவது ஆடித் திருவிழாவுக்குள் குழம்புக்கு ஆகிற மீன் அங்கே சேரவில்லை என்றால் கோயில் வாசலில் உட்கார்ந்து மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அது சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டிக் காதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கல்யாணத்தில் மாமனார் வீட்டார் அவரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், மீசையைத்தான் பார்த்திருப்பார்கள். அந்தச் சவாலை விடாமல் பிடித்துக்கொண்டவர் அவருடைய மனைவியின் தம்பி பாளையம்.

முதல் வருஷம் தேசிங்கின் வலையே கப்பலில் மாட்டி அறுந்தது. இரண்டு ஆடி போய்விட்டது. உள்ளே வரி போட்ட குட்டி மீன்களைப் பார்த்தேன் என்று நான் சொன்னால், "அத்த கொழம்புல போட முடியுமா டீச்சர்?" என்று தள்ளிவிடுவார். பெரிய மீன்கள் இருந்தாலும் நாங்கள் விடும் குமிழிச் சத்தத்துக்கு ஒளிந்துகொள்ளும். நம் கடலில் கையை நீட்டினால் விரல் தெரியாத நாட்களே அதிகம். அப்படியே நான் எதையாவது பார்த்துச் சொன்னாலும் குப்பத்தில் எடுபடாது, அவர் படகில் போகிறவள் அவர் பக்கம்தானே பேசுவாள் என்பார்கள். அதனால் மூன்றாவது வருஷம் தேசிங்கு, தண்ணீரை விட்டு மேலே வரும் ஒவ்வொரு கஸ்டமரையும் மடக்கி விசாரிக்க ஆரம்பித்தார்.

சன்னலோர சீட்டு

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பதி. நாலு நாள் வகுப்பையும் ஒழுங்காக முடித்தவர்கள். முதல் தடவை கப்பலுக்குள் போனதும் கடைக்காரர் நேராக மூன்றாவது வரிசைக்கு நீந்தி, சன்னலோரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவியை நான் பின்னால் கூட்டிவந்துகொண்டிருந்தேன். அதற்குள் அவருக்குப் பக்கத்து இடத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? துண்டு இல்லாததால் இடுப்பில் கட்டியிருந்த ஈயக்கட்டி பெல்ட்டைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்தார்.

ஆளைக் கீழே இருத்தி வைப்பதே அந்த ஈயம்தான். மனிதர் உட்கார்ந்த வாக்கிலேயே மெல்லக் கிளம்பி மேலே போய், கூரையில் தலை முட்டி நின்றார். நல்லவேளை, கூரை இருந்தது. காலைப் பிடித்து இழுத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, இரண்டு பேரையும் நிதானமாக மேலே கொண்டுவந்து சேர்த்தேன். படகில் ஏறியதும் திட்டலாம் என்று வாயெடுத்தேன். தேசிங்கு முந்திக்கொண்டு மீன் இருந்ததா என்று கேட்டார். கடைக்காரர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மீனைக் கவனிக்கலை மேடம். நாம எந்திரிச்சு வந்த பொறவு அந்த ரெண்டு சீட்டுலயும் வேற யாரும் ஒக்காந்துரலையே?"

மாம்பழக் கலர்

அடுத்து வந்தவர் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி. கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். எனக்கு இதுவரை வாய்த்த மாணவர்களில் இவ்வளவு அலட்டாமல் நீந்தியவர் வேறு யாரும் இல்லை. கப்பலின் பின்பக்கம் நான் இன்னொருவரின் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், மாமி மட்டும் ஓர் ஓட்டைக்குள் ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வந்ததும், ஒரு பெரிய மீன் அசையாமல் நின்று தன்னையே பார்த்ததாகச் சொன்னார்.

தேசிங்கு படகில் அவர் எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். களவாவா, சங்கராவா, பாறையா என்று மீன் பெயர்களை வரிசையாகக் கேட்டார். மாமிக்கு ஜென்மத்தில் மீனைக் கையால் தொட்டுப் பழக்கமில்லை. தனக்குத் தெரிந்த பாஷையில் பதில் சொன்னார்: "பேரெல்லாம் நேக்குத் தெரியாதுப்பா. மாம்பழக் கலர் உடம்பு, அதுல அரக்குல பொடிப் பொடியா புட்டா போட்டுண்டிருந்தது. கீழ ஒரு கரும்பச்சை பார்டர்." எவ்வளவு பெரிது என்று தேசிங்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மாமி யோசித்து, ஒரு ரவிக்கைத் துணி நீளம் இருக்கும் என்றார். எனக்கு அது களவாதான் என்று பட்டது. சத்தியம் செய்யும் அளவுக்குத் தைரியம் இல்லை. தேசிங்கு படகை மணலில் ஏற்றியதும் என்னிடம் வந்தார். "டீச்சர், ரவிக்கத் துணி நீளத்துக்கு ஒரு பொடவ நின்னுகினு மொறைச்சிதுன்னு நான் போய் சொன்னா, ஆடி வரைக்கும் எவனும் காத்துனு இருக்க மாட்டான். இன்னிக்கே மீசைய எடுத்துடுவானுங்கோ."

கேமரா சாட்சி

இனி வாய்ச்சாட்சி உதவாது, படம் வேண்டும் என்று தேசிங்கு முடிவு செய்தார். வேளச்சேரியிலிருந்து ஓர் ஐ.டி. கம்பெனிக்காரர் வந்தார். மழைக்காலத்தில் தன் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்திலேயே நீச்சல் பழகிவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். அவரிடம் நீளமான குச்சியில் மாட்டிய கேமரா இருந்தது. தேசிங்கு அன்று அவருக்குச் செய்த உபசாரத்தைச் சொந்த மாப்பிள்ளைக்குக்கூடச் செய்திருக்க மாட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார், சிலிண்டரைத் தானே தூக்கி முதுகில் மாட்டினார், மாமி சொன்ன ஓட்டை இருக்கும் பக்கத்தைக் கையாலேயே வரைந்து காட்டினார்.

அன்று சாயங்காலமே குப்பத்து டீக்கடையில் பாளையம் உட்பட ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து அந்தப் படத்தைப் போட்டோம். இருபது நிமிடப் படம். இருபது நிமிடமும் அந்த மனிதரின் முகம். கப்பலுக்கு முன்னால் முகம், பெஞ்சில் உட்கார்ந்த முகம், கட்டை விரலும் முகமும். பதினேழாவது நிமிடம் அவருடைய காதுக்குப் பின்னால் அகலமாக ஏதோ ஒன்று கறுப்பாக வீசிக்கொண்டு போயிற்று. தேசிங்கு எழுந்தே நின்றுவிட்டார். திரும்பத் திரும்ப மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். பாளையம் டீயைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதி மாதிரி நிதானமாகச் சொன்னார். "மாமா, இது மீனு இல்ல. கால்ல மாட்டிகினு போவாங்களே றெக்க, அது. டீச்சரோடதுன்னு நெனைக்கிறேன்."

என்னுடையதுதான். வெட்கமாகப் போய்விட்டது.

காற்று மிச்சம்

ஆடிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, தானே இறங்கிப் பார்க்கப் போவதாக தேசிங்கு சொன்னார். அவர் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வதாகப் பாளையமும் ஒத்துக்கொண்டார். மாமா கோபக்காரர், பொய் சொல்லத் தெரியாது என்பது குப்பத்துக்கே தெரியுமாம். கடலில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு என்ன கஷ்டம், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நான் நினைத்தேன். நந்தனத்தில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போனேன். முதல் நாள், தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு, இதில் மனுஷன் இறங்குவானா என்று ஒரு மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இறங்கிய பிறகு இரண்டு பிரச்சினை. ஒன்று, மீசை. மாஸ்க் மூக்குக்குக் கீழே தோலோடு ஒட்ட வேண்டும், அவருக்கு அங்கே தோலே கிடையாது. தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருந்தது. மூக்கடியில் ஒரு கோடு மட்டும் வழித்தால் போதும் என்றேன். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன். கடைசியில் அரை டப்பா வாசலினை மீசையில் அப்பிச் சமாளித்தோம். இரண்டாவது பிரச்சினைக்கு வாசலின் உதவவில்லை. சிலிண்டரோடு இறங்கினால் மூச்சை அடக்கவே கூடாது, மேலே வரும்போது அடக்கினால் நுரையீரலுக்கு ஆபத்து. எங்கள் முதல் பாடமே அதுதான். அடுத்த பாடம், கவ்வியிருக்கும் காற்றுக் குழாயை விட்டு வாயைத் திறக்கக் கூடாது என்பது. அவரோ தலை தண்ணீருக்குள் போனதும் மூச்சைக் கட்டிவிடுவார். மூன்று நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு மேலே வந்து, சிலிண்டரில் காற்று குறையவே இல்லை பார் என்று காட்டுவார். நான் கத்தினேன், கெஞ்சினேன், பழைய விசிலைக்கூடத் தேடி எடுத்து ஊதினேன். பத்தாவது நாள் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பொறந்ததுலேர்ந்து தண்ணில மூச்ச அடக்கித்தான் உசுரு பொழச்சிகினு கீறேன் டீச்சர். இப்ப வந்து விடு விடுன்னா, ஒடம்பு நம்ப வேணாமா?"

அதற்கு மேல் நான் விசில் ஊதவில்லை. பக்கத்தில் நீந்திக்கொண்டு, அவர் கையைப் பிடித்து, என் மூச்சோடு அவர் மூச்சைச் சேர்த்து விடவைத்தேன். நாலு வாரம் ஆயிற்று.

கடைசி ஞாயிறு

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். எங்கள் பள்ளியின் இன்னொரு டீச்சர் படகைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் தன் படகில் நாலு பேரோடு பாளையம் காத்திருந்தார். எனக்கு முந்தின இரவே தூக்கம் போய்விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை என்றால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் பயம். அன்று கடல் நாங்கள் கும்பிட்டதற்கு மேலேயே இரக்கம் காட்டியது. கயிற்றைப் பிடித்து இறங்கும்போதே கப்பலின் மேல்தளம் முழுசாகத் தெரிந்தது.

சங்கரா கூட்டம் கூட்டமாக பெஞ்சுகளுக்கு நடுவே நின்றது. பாறை மீன்கள் சன்னல் வழியாக நுழைந்து எதிர்ச் சன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன. மாமி எட்டிப் பார்த்த ஓட்டையில், மாமி சொன்ன அதே புட்டாவோடு களவா. ஒன்றில்லை, ஐந்தாறு. வயிறு தொங்கத் தொங்கச் சினையோடு இருந்தன. தேசிங்கு வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டுக் கத்தினார். என்ன சொன்னார் என்று தெரியாது, குமிழிதான் வந்தது. நான் பதறிப்போய்க் குழாயைத் திரும்ப அவர் வாயில் திணித்தேன். அவர் கண்ணில் வாசலினா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை.

கிளம்பும் நேரத்தில் அவர் பின்தளத்துக் கம்பிப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கிழிந்த நைலான் வலை தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டிய மிதவைகள். அவர் கையால் கட்டிய மிதவைகள். வலைக்குள் மீன் முள்ளாக நிறைய, இரண்டு இன்னும் சதையோடு. மூன்று வருஷமாக ஆளில்லாமலேயே அந்த வலை மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தேசிங்கு கத்தியை எடுத்து, காற்று தீரப்போகிறது என்று நான் தோளைத் தட்டும்வரை அறுத்துக்கொண்டே இருந்தார். மேலே வரும் வழியில் பதினைந்தடியில் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அது விதி. அந்த மூன்று நிமிடமும் அவர் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை வெளியே வந்ததும் பாளையம் படகிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னா மாமா, மீனு கீதா இல்லியா என்று கேட்டார். நான் அவருடைய வெற்றியைக் கேட்கத் தயாராக மாஸ்க்கைத் தூக்கி நெற்றியில் வைத்திருந்தேன். தேசிங்கு அலையில் ஆடிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணியும் இல்ல மச்சான். இரும்பு கீது, பாசி கீது. வலய எறக்கினா வலதான் போவும்."

நான் வாயைத் திறந்தேன். தண்ணீருக்கடியில் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. மூடிக்கொண்டேன்.

ஆடித் திருவிழா அன்று கூழ் ஊற்றி முடிந்ததும் கோயில் வாசலில் நாற்காலி போட்டார்கள். குப்பமே கூடி விசிலடித்தது. பாளையம் தன் செலவில் சலூன்காரரைக் கூட்டிவந்திருந்தார். தேசிங்கு சட்டைக் காலரில் துண்டைச் சொருகிக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார். மீசை போன முகத்தில் மேலுதடு மட்டும் வெயில் படாமல் வெளுப்பாக, யாரோ வேறு ஆளுடையது போல இருந்தது. அவர் மனைவி கோயிலுக்குள் போய்விட்டார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. கூட்டம் கலைந்த பிறகு அவர் பக்கத்தில் போய், ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த அவமானம் உங்களுக்கு எதற்கு என்று சண்டையே போட்டேன். அவர் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சொன்னா நாளைக்கே நாப்பது வல எறங்கும் டீச்சர், எல்லாம் சினையா கீது. மீசை ரெண்டு மாசத்துல மொளைச்சிடும், களவா மொளைக்குமா?"

தண்ணீருக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று இத்தனை வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததில், கீழே அதைக் காற்றில் பறக்கவிட்டு, மேலே வந்த பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒரே மாணவர் அவர்தான்.